இணையவழிச் சங்கீத வகுப்பில் பாட்டு விளையாட்டு: சில வழிமுறைகள்

கரமனை அக்கிரகாரத் தெருக்களில் பாட்டுத் தெரிந்த பெரியவர்களுக்குக் குறைவில்லை. அவர்களிடம் பாடம் கேட்க வேண்டிய பேரக் குழந்தைகளோ துபாயிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் வளர்கிறார்கள். ஆகவே கைப்பேசித் திரையின் வழியே ஸரளி வரிசை சொல்லிக்கொடுப்பது சர்வசாதாரணமாகிவிட்டது. ஐந்து வயதுக் குழந்தையைத் திரைக்கு முன் அசையாமல் உட்காரவைத்து, ஒரே வரிசையை ஓயாமல் பாடச் சொன்னால் அதற்குப் பாட்டின் மேல் வெறுப்புத்தான் பிறக்கும் என்பதிலும், விளையாட்டினூடே கற்பிப்பதே உத்தமம் என்பதிலும் அபிப்பிராய பேதமில்லை. எந்த விளையாட்டு இணையத்துக்கு ஏற்றது, எது ஏலாதது என்பதே யோசிக்கத்தக்கது.

இதற்கு வேண்டிய யுக்தி இவ்வூர்ச் சம்பிரதாயத்திலேயே இருக்கிறது. தமிழில் கீர்த்தனைகள் இயற்றிய நீலகண்ட சிவன் (1839–1900) வாழ்ந்த ஊர் கரமனை; அவருடைய கீர்த்தனைகளில் இளமையிலேயே மனம் பறிகொடுத்தவர் பாபநாசம் சிவன் (1890–1973). அவர்கள் போற்றிய பஜனை மரபில், பாகவதர் ஓரடியைப் பாடி நிறுத்த, கோஷ்டியார் அதை வாங்கிப் பின்பாட்டாகப் பாடுவார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் எடுக்கும் அந்த முறையைப் பற்றிக்கொண்டு, ஏககாலத்தில் சேர்ந்து பாடும் ஆட்டங்களை ஒதுக்கிவிட்டால், இணைய வகுப்பின் சங்கடங்களில் பெரும்பாலானவை தாமே தீர்ந்துவிடும்.

1. முதலில் தாமதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம்மை அடைய விநாடியில் நூற்றுக்கு மூன்று பங்கு ஆகிறது. அந்தத் தாமதத்தோடு சேர்ந்து பாடுவதே சற்றுச் சிரமம். காணொளி அழைப்பிலோ அது பெரும்பாலும் பன்மடங்காகிவிடும். ஆகையால் வகுப்பின் தொடக்கத்தில் ஆசிரியர் ‘ஒன்று’ என்றும் குழந்தை ‘இரண்டு’ என்றும் மாறிமாறிப் பத்து வரை எண்ணிப் பாருங்கள். ஆசிரியருக்குக் குழந்தை மெத்தனமாகச் சொல்வதுபோலத் தோன்றும். குழந்தைக்கோ ஆசிரியரே மெத்தனமாகத் தோன்றுவார். உண்மையில் இருவர்மீதும் குற்றமில்லை. இதை நன்கு உணர்ந்துகொண்ட ஆசிரியர், ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று குழந்தையை விரட்டமாட்டார்.

2. சுருதியைக் குழந்தையின் பக்கத்தில் வையுங்கள்

காணொளிச் செயலிகள் மனிதப் பேச்சை உத்தேசித்து அமைந்தவையாதலால், இடைவிடாமல் ஒலிக்கும் தம்புராவின் நாதத்தை இரைச்சல் என்று கருதி அடக்கிவிடுகின்றன. ஜூம் செயலியில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற வசதியைத் திறந்துவைத்தால் ஓரளவு நிவர்த்தியுண்டு. அதனினும் நல்லது, சுருதிப் பெட்டியோ தம்புரா செயலியோ குழந்தையின் வீட்டிலேயே, வேறொரு கைப்பேசியில் ஒலிப்பது. சிறு குழந்தைகளுக்கு ஐந்து கட்டையில் தொடங்கி, குரல் சிரமப்படுகிறதா என்று பார்த்து ஏற்றியிறக்கலாம். முகம் மாத்திரமன்றி மடியும் தாளம் போடும் கையும் தெரியும்படி கருவியைச் சற்றுத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

3. ஸ்வரப் பந்து

ஆசிரியர் மாயாமாளவகௌளையில் ‘ஸ ரி க ம’ என்று பாடி, கையில் இல்லாத பந்தொன்றைத் திரையை நோக்கி எறிந்து, ஒரு குழந்தையின் பெயரைச் சொல்ல வேண்டும். அக்குழந்தை பந்தைப் பிடிப்பதுபோலக் கையை உயர்த்தி, அதே ஸ்வரங்களைத் திருப்பிப் பாடிய பிறகு, தானாக நான்கு ஸ்வரங்களைக் கோத்து இன்னொரு குழந்தைக்கு எறியும். பந்து ஆகாயத்தில் பறக்கும் நேரமாக எல்லாரும் தாமதத்தை ஏற்றுக்கொள்வதால், இடைவெளி உறுத்துவதில்லை. ஸ்வரம் பிசகினால் பந்து கீழே விழுந்ததாகப் பாவித்து, மறுபடி எறிந்தால் போதும். ‘தப்பு’ என்ற சொல்லுக்கே அவசியமில்லை.

4. கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்

மணலில் குச்சியை ஒளித்துவைத்து, இருக்குமிடத்தை எதிராளி கைகளைக் கோத்துப் பொத்திக் கண்டுபிடிக்கும் பழைய விளையாட்டில், குச்சிக்குப் பதிலாக ஸ்வரத்தை ஒளித்துவைக்கலாம். ஆசிரியர் ஆரோகணத்தைப் பாடிக்கொண்டே போய், ஏதேனும் ஒரு ஸ்வரத்தைப் பாடாமல் அதன் காலத்துக்கு மௌனமாக இருந்து மேலே செல்வார். ஒளிந்திருந்த ஸ்வரத்தைக் குழந்தை அதன் ஸ்தானத்திலேயே பாடிக் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் ஸட்ஜமம், பஞ்சமம், மேல் ஸட்ஜமம் ஆகிய மூன்றில் மாத்திரம் ஒளித்து, அவை நிலைத்த பிறகு ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் செல்லுங்கள். பெயரை மட்டும் சொல்லும் குழந்தைக்குப் பாதி மதிப்பெண்ணும், ஸ்தானம் பிசகாமல் பாடும் குழந்தைக்கு முழு மதிப்பெண்ணும் கொடுப்பது நியாயம்.

5. பூப்பறிக்க வரும் கோஷ்டிகள்

இரண்டு வரிசைகள் எதிரெதிரே நின்று, எந்தப் பூ வேண்டும், யாரை அனுப்புவீர்கள் என்று கேள்வியும் பதிலுமாக நடத்தும் ஆட்டம் இணையத்துக்கென்றே பிறந்ததுபோலப் பொருந்துகிறது. துபாய்க் குழந்தைகள் ஒரு கோஷ்டி, கரமனைக் குழந்தைகள் ஒரு கோஷ்டி என்று பிரித்துவிடுங்கள். கேள்வியைக் குழந்தைகளே சொந்த வார்த்தைகளில் அமைத்துப் பாடட்டும். அது பஞ்சமத்தில் நிற்கட்டும். பதில் ஸட்ஜமத்தில் வந்து முடியட்டும். ஒரு வாக்கியம் தொங்கி நிற்பதையும் இன்னொன்று அடங்கி முடிவதையும் இலக்கணம் கூறாமலே குழந்தையின் காது கண்டுகொள்ளும்.

6. மௌன தாளம்

ஆதி தாளத்தைத் தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என எட்டு எண்ணிக்கையாகப் போட்டுக்கொண்டு குழந்தை பாடட்டும். நீங்கள் கையை உயர்த்தியதும், குரலை நிறுத்தித் தாளத்தை மட்டும் தொடரட்டும். கையை இறக்கியதும் விட்ட பாட்டை மனத்தில் எங்கே வந்திருக்கிறதோ அங்கிருந்து எடுக்கட்டும். இங்கே ஆசிரியர் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்றுண்டு. குழந்தையின் கையைத் தம் கையோடு ஒப்பிட்டால் தாளம் தவறியதாகவே தோன்றும். குழந்தையின் குரலும் கையும் ஏறக்குறைய ஒரே தாமதத்தோடு வந்துசேர்வதால், அதன் குரலை அதன் கையோடு மாத்திரமே ஒப்பிட வேண்டும்.

7. நேரமும் ஒழுங்கும்

சிறு குழந்தைகளுக்கு அரைமணி நேரம் போதும். ஒரு வகுப்பில் நால்வர் அல்லது ஐவருக்கு மேற்பட்டால், தன் முறைக்குக் காத்திருக்கும் குழந்தை நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்விடும். காத்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: மைக்கை அணைத்துக்கொண்டு, பாடுபவருக்குத் தாளம் போடுவது. கரமனையில் மாலை ஐந்து மணியென்றால் துபாயில் மூன்றரை, சிங்கப்பூரில் ஏழரை. அதற்குமேல் தாமதித்தால் சிங்கப்பூர்க் குழந்தை தூங்கிவழியும்.

வகுப்பின் முடிவில் எல்லாருடைய மைக்கையும் அணைக்கச் சொல்லி, தெரிந்த பாட்டொன்றை நீங்கள் பாடுங்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் காதில் விழும் உங்கள் குரலோடு இசைந்து பாடும். ஆனால் அது உங்களுக்குக் கேட்காது. அதனால் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் அருகிலிருந்து கேட்டு, சுருதி சேர்ந்ததா என்று சொல்வது அவசியம். திரையை அணைத்தபின் அன்று ஆடிய ஆட்டத்தை அண்ணனோடோ அம்மாவோடோ ஒருமுறை ஆடச் சொல்வதையும் வீட்டுப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் வாங்கிப் பாடும் பழக்கத்தை இணையம் நன்றாகவே கொடுக்கும். பலர் குரலோடு தன் குரலை இழைத்துப் பாடும் பழக்கமோ, ஒரே கூடத்தில் கூடி உட்கார்ந்தால்தான் வரும்.