பக்கவாதத்திலிருந்து மீள்பவருக்கு ஏற்ற வீடு

பக்கவாத சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவருக்கு, பல வருடம் புழங்கிய வீடே தடையாகிவிடும். நிலைப்படி காலைத் தடுக்கும், ஈரத்தரை வழுக்கும். சில எளிய மாற்றங்கள் போதும், விழும் அபாயம் வெகுவாகக் குறையும்.

படுக்கை: பாயும் தாழ்வான கட்டிலும் வேண்டாம். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும்.

குளியலறை: தடுமாறும்போது கை முதலில் தேடுவது துண்டு போடும் கம்பியைத்தான். அது உடல் எடையைத் தாங்காது. நன்றாக இயங்கும் கைக்கு எட்டும் பக்கத்தில், சுவரில் ஆழமாகத் திருகிய எஃகுக் கைப்பிடி பொருத்துங்கள். குளிக்க, கைப்பிடி உள்ள வழுக்காத நாற்காலி நல்லது. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி இருந்தால், உள்ளே விழுந்தாலும் உடனே உதவலாம்.

நடைபாதை: மிதியடி, ஒயர், சிறு முக்காலி எல்லாவற்றையும் அகற்றுங்கள். இரவில் கழிப்பறை வரை சிறு விளக்கு எரியட்டும். அரை அடி உயர வாசற்படிக்குச் சரிவுப்பாதை போட்டால் ஆறடி நீளமாவது தேவை.

சாப்பாடு: நிமிர்ந்து உட்கார்ந்தே சாப்பிட வேண்டும். முடித்ததும் அரைமணி நேரம் படுக்கக்கூடாது.

வலப்பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்கம் இருப்பதே கவனத்தில் பதியாது. அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவது பயிற்சியாகும். பலவீனமான கையைப் பிடித்து மட்டும் யாரையும் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகலாம்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை கிடைக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் மீண்டும் தெரிந்தால், தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.