வக்பு சொத்தும் வர்த்தகரின் பொறுப்பும்

கைபரில் தமக்குக் கிடைத்த காணியை என்ன செய்வதென உமர் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். காணியை விற்காமல், அன்பளிப்புச் செய்யாமல், வாரிசுக்கும் விடாமல் நிறுத்தி, விளைச்சலை மட்டும் தருமம் செய்யும் முறை அவ்வாறே உண்டானது. வர்த்தகர் கணக்கில் சொன்னால், முதல் கரையாது. வரும்படி மட்டுமே செலவாகும்.

முதல் கரையாதிருக்க ஆவணம் வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் மன்னார்த்தீவு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி, தாராபுரம் மக்கள் சில நாள் அவகாசத்தில், கையில் எடுத்ததோடு கற்பிட்டி, புத்தளம் பக்கம் சென்றனர். வீட்டுக் காணியைக் கேட்டு வாரிசு வருவார். வக்புக் காணிக்கு வாரிசு இல்லை. உறுதியும் பதிவுமே அதன் சாட்சி.

வக்புகளைப் பதிவு செய்ய 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆகவே, வாய்ச்சொல்லால் வக்பு செய்யப்பட்ட காணியை நொத்தாரிசு மூலம் உறுதி எழுதி, நில அளவைப் படத்துடன் பதிவு செய்யுங்கள். பிரதியொன்றை வெளியூரிலும் வையுங்கள்.

அடுத்தது வரும்படி. சிங்கப்பூரின் பென்கூலன் பள்ளிவாசல் காணியில், 2000களின் தொடக்கத்தில் பள்ளிவாசலோடு கடைகளும் வாடகைக் குடியிருப்புகளும் கட்டப்பட்டன. நமக்கு அவ்வளவு பெரிய கட்டடம் தேவையில்லை. பள்ளிவாசல் கடையில் வியாபாரம் செய்பவர், பக்கத்துக் கடைக்காரர் கட்டும் வாடகையைக் கட்டினாலே போதும். 'பள்ளிக் கடைதானே' என்று குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் அநாதையின் பங்கு, ஏழை மாணவனின் பங்கு.