நகமளவு படமும் நம் கண்ணும்

நீர் ஊற்றிய தட்டின் நடுவே மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறீர்கள். சுடர் அணைகிறது, டம்ளருக்குள் நீர் ஏறுகிறது. இச்சோதனையைக் காணொளியாக எடுத்து யூடியூபில் ஏற்றப் போகிறீர்கள் என்று கொள்வோம். முகப்பில் எந்தப் படத்தை வைப்பீர்கள்?

முகப்புப் படத்திற்குத் 'தம்ப்நெயில்', அதாவது கட்டைவிரல் நகம் என்று பெயர். பொருத்தமான பெயர்தான்! கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அதன் அகலம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் ஏறக்குறைய 2 பாகை. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழி மிகத் தெளிவாகக் காணும் பரப்பும் அவ்வளவே. மற்றவையெல்லாம் மங்கலாகவே தெரியும். பார்ப்பவர் தரும் நேரமும் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2014இல் செய்த ஆய்வில், ஒவ்வொரு தலைப்பிலும் மக்கள் செலவிட்ட நேரம் சராசரியாக 1.8 விநாடியே.

இனி ஒரு கணக்கு. முகப்புப் படம் பொதுவாக 1280 × 720 புள்ளிகள் கொண்டது. அது கைப்பேசியில் 160 × 90 ஆகச் சுருங்கினால், நீளம் எட்டில் ஒரு பங்காகும். பரப்போ 64இல் ஒரு பங்காகும்! 64 புள்ளி உயரமுள்ள எழுத்து 8 புள்ளிக்குக் குறுகிவிடும். ஆகவே மேசை முழுவதையும் காட்ட வேண்டாம். டம்ளர் ஒன்றே போதும். நீரில் சிறிது வண்ணம் கலந்து, பின்னால் வெள்ளைத்தாளை வையுங்கள். வலது கீழ் மூலையில் எழுத்து வேண்டாம். காணொளியின் நேர அளவு அதை மறைத்துவிடும்.

இரண்டு படங்களில் எது சிறந்தது? சோதித்துப் பாருங்கள். 20 நண்பர்களுக்குத் தனித்தனியே இரண்டையும் ஒரு விநாடி காட்டி, எதைத் திறப்பார்கள் என்று கேளுங்கள். பாதிப்பேருக்குப் படங்களை இடவலமாக மாற்றிக் காட்டுங்கள். 11 பேர் ஒன்றைத் தேர்ந்தால் அது வென்றதாகுமா? அவசரப்படாதீர்கள்! நாணயத்தை 20 முறை சுண்டினாலும், தலை 11 முறையோ அதற்கு மேலோ விழ 41 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 16 பேர் தேர்ந்தால் நம்பலாம். தற்செயலாக அப்படி நேர்வது 100இல் ஒரு முறைகூட இல்லை.

டம்ளர் வெடித்துச் சிதறுவதுபோல் பொய்ப்படம் வைத்தால் இன்னும் பலர் திறக்கலாம் அல்லவா? திறப்பார்கள், வெடிப்பைக் காணாமல் உடனே மூடிவிடுவார்கள். 2024இல் யூடியூப் பரவலாக வழங்கிய ஒப்பீட்டு முறையில் மூன்று படங்கள் வரை சோதிக்கலாம். அங்கே வெற்றியைத் தீர்மானிப்பது திறந்தவர் எண்ணிக்கை அன்று, பார்த்த நேரமே.

முகப்புப் படம் ஒரு வாக்குறுதி. உங்கள் சோதனையில் உண்மையில் நடப்பது நீர் ஏறுவது. அதையே தெளிவாகக் காட்டுங்கள். நீர் ஏன் ஏறுகிறது என்று அறியும் ஆவலில் வருபவர், இறுதிவரை இருப்பார்.