மழை மறைவு நிலத்தின் வழியே

நுழையும்முன்

இடுக்கி, பாலக்காடு எல்லையோரங்களில் வாழும் நம்மில் பலர் விடுமுறை வந்தால் சொந்த ஊர் செல்கிறோம். மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் அந்தச் சில மணி நேரத்தில் மண்ணும் மரமும் காற்றும் மாறிவிடுகின்றன. பேருந்தில் உறங்கிவிடுவோர் அம்மாற்றத்தைக் காண்பதில்லை. இப்பயணக் கட்டுரை, உறங்காமல் சென்ற ஒருவர் எழுதியது.

பாடம்

என் பெரியப்பாவின் மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் பணிபுரிகிறார். அந்நாட்டுப் பள்ளிகளுக்கு ஜூலை மாதத்தில் இரண்டு வாரம் விடுமுறை. அந்நாள்களில் அண்ணன் தம் மனைவி மக்களுடன் மூணாறுக்கு வந்திருந்தார். மூணாற்றில் அப்போது இடைவிடாத மழை. தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பின் ஓட்டுக்கூரையில் இரவும் பகலும் ஒரே ஓசை. அப்பத்தா மட்டும் ஒரே பேச்சாக இருந்தார்: "தாராபுரத்துப் பக்கம் போய் என் தங்கையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்." அவருக்கு வயது எண்பதை நெருங்கிவிட்டது. வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் பேருந்தில் அமர்ந்து செல்ல அவரால் இயலாது.

அண்ணன் ஒரு வழி கண்டார். கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டே நம் இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. உறங்கப் படுக்கை, சமைக்க அடுப்பு, குழாயுடன் கூடிய நீர்த்தொட்டி ஆகியன அமைந்த ஊர்தியே கேரவன். சக்கரம் பூட்டிய சிறுவீடு என்று சொல்லலாம். அப்படியொன்றை ஓட்டுநருடன் வாடகைக்கு எடுத்தோம். அப்பத்தா அதனுள் ஏறிப் படுக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீட்டையே கொண்டுபோகிறோமா கண்ணு?" என்று கேட்டார்.

மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். முதல் பாதி முழுதும் பசுமை. இடப்புறம் இரவிகுளம் தேசியப் பூங்காவின் மலைகள் மேகத்துள் மறைந்திருந்தன. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அங்கேதான் உள்ளது. அன்று அதன் அடிவாரம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஓர் அருவி. பிள்ளைகள் இருவரும் குழாயைத் திறந்து கை நனைப்பதும் மூடுவதுமாக விளையாடிக்கொண்டு வந்தனர். வெளியே இவ்வளவு நீர் இருக்கும்போது உள்ளிருக்கும் நீரை எண்ணிப் பார்க்க எவருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை.

மறையூரை அடைந்தபோது மழை நின்றிருந்தது. நின்றிருந்தது என்பதைவிட, அங்கு அது வரவேயில்லை என்பதே பொருந்தும். நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் சாலை உலர்ந்து கிடந்தது. கரும்புத் தோட்டங்களின் நடுவே வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளிலிருந்து புகை எழுந்தது. மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. சாலையின் இருபுறமும் வேலியிட்டுக் காக்கப்படும் சந்தன மரங்களையும், பாறை மேட்டில் பெருங்கற்கால மக்கள் கல் பலகைகளால் அமைத்த முனியறைகளையும் பார்த்துவிட்டு, இரவை அவ்வூரிலேயே கழித்தோம்.

"இங்கே ஏன் மழை இல்லை?" என்று மூத்தவன் கேட்டான். ஊர்தியின் மேசை மீது கிடந்த துண்டை நான் மலைபோல் குவித்துக் காட்டினேன். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலை குறுக்கே நிற்பதால் அது மேலே ஏற நேர்கிறது. மேலே ஏற ஏறக் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தையும் தாங்க இயலாது. ஆகவே மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று வெம்மை அடைகிறது. ஈரம் இழந்த அக்காற்று மழை தருவதற்கு மாறாக, மண்ணில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சிச் செல்கிறது. மலை மறைத்துவிட்டதால் மழை பெறாத இந்நிலத்தை மழை மறைவுப் பகுதி என்பர். மூணாற்றுப் பகுதியில் ஓராண்டில் 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மறையூரைத் தாண்டிச் சின்னாறு செல்லுங்கள். அங்கே ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான். அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று தருவது.

அன்றிரவு அண்ணன் தாம் சென்ற வேறொரு பயணத்தைப் பற்றிக் கூறினார். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் நல்லர்பார் என்றொரு சமவெளி உண்டு. இலத்தீன் மொழியில் அப்பெயருக்கு 'மரமில்லாதது' என்று பொருள். பரப்பு ஏறத்தாழ இரண்டு இலட்சம் சதுர கிலோமீட்டர். நம் கேரளத்தைப் போல் ஐந்து மடங்கு! அதனருகே செல்லும் ஐர் நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் 146.6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவுகூட இல்லை. (மூணாற்றுப் பிள்ளைகளாகிய உங்களுக்கு இதை நம்புவது கடினம்தான்.) ஒட்டகமும் கங்காருவும் குறுக்கிடும் என்று எச்சரிக்கும் பலகைகள் அங்கே நிற்கும். அங்கும் அவர்கள் இதுபோன்ற ஊர்தியில்தான் சென்றனராம்.

"அங்கே மழையை மறைக்க மலை உண்டா?" என்றேன்.

"மலையே இல்லை. ஆறும் இல்லை. தரை முழுதும் சுண்ணாம்புப் பாறை. எப்போதாவது பெய்யும் சிறிது மழையும் பாறை வெடிப்புகளின் வழியே நிலத்தடிக் குகைகளுக்குள் இறங்கிவிடும். புறப்படும்முன் தண்ணீரை நிரப்பிக்கொள்ள வேண்டும். வழியிலுள்ள தங்குமிடங்களில் எரிபொருள் கிடைக்கும். நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது."

எட்வர்டு ஜான் ஐர் என்னும் ஆங்கிலேயர் 1841இல் அக்கடலோரத்தைக் கடந்து சென்றார். அவருடைய பெயரையே சாலை தாங்கி நிற்கிறது. இறுதிவரை அவருடன் நடந்தவர் வைலி என்னும் தொல்குடி இளைஞர். நீரின்றித் தவித்த அப்பயணிகளுக்குக் கடற்கரை மணல்மேட்டைத் தோண்டினால் நன்னீர் ஊறும் என்று காட்டியவர்கள் அந்நிலத்தின் தொல்குடி மக்களே. சில நாள்களில் இலைகளின் மேல் படிந்த பனித்துளியைக் கடற்பஞ்சால் ஒற்றியெடுத்துக் குடித்தனர் என்பதும் ஐர் எழுதிவைத்த செய்தி.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா எழுந்து அமர்ந்தார். "மணலைத் தோண்டினால் ஊற்று வரும் என்பது எங்களுக்கும் தெரியுமே! வறண்ட ஆற்றில் நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். ஒரு குடம் நிறைய விடிந்துவிடும்." 'ஊற்று' என்னும் சொல் இளையவளுக்குப் புதிது. அதை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மறையூரிலிருந்து இறங்கத் தொடங்கினோம். மரங்கள் குட்டையாயின. பிறகு முள் மரங்களாயின. வேலமும் கள்ளியும் செம்பாறையும் நிறைந்த அந்தச் சரிவு கேரளம் என்று சொன்னால், படத்தில் தென்னையும் உப்பங்கழியும் மட்டுமே பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். இதுவே 1984இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். பரப்பு 90.44 சதுர கிலோமீட்டர். நல்லர்பாருடன் ஒப்பிட்டால் ஒரு புள்ளி. ஆயினும் அப்புள்ளிக்குள் நட்சத்திர ஆமை முள்காட்டில் ஊர்கிறது. ஆற்றோரத்து மருத மரங்களில் அரிய வகையான நரை அணில் தாவுகிறது. வறட்சியும் வளமும் இங்கே ஒரு கல்லெறி தூரத்தில் அமைந்துள்ளன.

அந்த வளைவுகளில்தான் குழாய் இருமியது. மூத்தவன் முழுதும் திறந்தான். இரண்டு சொட்டு விழுந்து நின்றது. மறையூரில் நிரப்பியிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவர் நிரப்பியிருப்பார் என்று எண்ணிவிட்டோம். நல்லர்பாரைக் கடந்த அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். மாத்திரை உட்கொள்ளும் நேரம் வந்தும் அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. சரணாலயத்துள் ஊர்தியை நிறுத்தி ஆற்றுக்கு இறங்க அனுமதி கிடையாது. காற்று மட்டும் பேரிரைச்சலுடன் வீசிற்று. ஆடிக் காற்று!

சின்னாற்றுச் சோதனைச் சாவடியில் வனக் காவலர் ஒருவர் நின்றார். முதுவர் குடியைச் சேர்ந்தவர். நிலைமையைக் கேட்டதும் உள்ளே சென்று ஒரு நெகிழிக் குடத்தை எடுத்து வந்தார். பாதியளவே நீர் இருந்தது.

"ஆறு கீழேதான் ஓடுகிறது. இறங்கி ஏறி எடுத்துவருவதுதான் பாடு. யானை நிற்கும் நாளில் அதுவும் முடியாது" என்றார்.

அப்பத்தாவின் செம்பில் ஊற்றினார். அவர் மாத்திரைக்கு வேண்டிய அளவு மட்டும் குடித்துவிட்டுச் செம்பை நீட்டினார். இளையவள் இரண்டு மிடறு குடித்தாள். மீதியை அண்ணனிடம் தரப் போனவள், என்ன நினைத்தாளோ, காவலரின் குடத்திலேயே திரும்ப ஊற்றப் போனாள். அவர் சிரித்துக்கொண்டே தடுத்துவிட்டார்.

முதுவரிடையே வழிவழியாக ஒரு கதை உண்டு. அவர்களுடைய முன்னோர் மதுரையை விட்டுப் புறப்பட்டு, குழந்தைகளையும் பொருள்களையும் முதுகில் சுமந்தபடி இம்மலைகளில் ஏறினர் என்பது அக்கதை. காவலர் அதைச் சொன்னபோது அப்பத்தா, "நாங்களும் இப்படித்தான் ஏறினோம்" என்றார். அவர் ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது மழை பொய்த்து மானாவாரி நிலம் காய்ந்தது. மாட்டு வண்டியிலும் பிறகு நடையுமாக அவருடைய தந்தை குடும்பத்தைத் தேயிலைக் காட்டுக்கு அழைத்துவந்தார். கைக்குழந்தையாக இருந்த தங்கையை மட்டும் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தனர். அடுத்த ஆண்டு அழைத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. அந்த ஆண்டு வரவேயில்லை. மலைக்கு வந்த முதல் வாரம் முழுதும் அப்பத்தா கூரைநீரில் கையை நீட்டியபடியே நின்றிருந்தாராம்.

பாலத்தைக் கடந்தால் தமிழ்நாடு. கேரளத்தின் 44 ஆறுகளுள் 41 மேற்கே அரபிக்கடலை நோக்கிச் செல்கின்றன. கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்று மட்டுமே கிழக்கே திரும்புகின்றன. பவானி பாலக்காட்டு அட்டப்பாடி வழியே பாய்கிறது. பாம்பாறு ஆனைமுடியின் கிழக்குச் சரிவில் பிறந்து, மறையூர்ப் பள்ளத்தாக்கைக் கடந்து, சின்னாற்றுடன் கூடி அமராவதியாகிறது. 1957இல் கட்டிமுடிக்கப்பட்ட அமராவதி அணை அதைத் தேக்கி உடுமலை, தாராபுரம் வட்டாரத்து வயல்களுக்கு அனுப்புகிறது. அணைக்குக் கீழே கால்வாய் சென்ற இடமெல்லாம் நெல்லும் தென்னையும். கால்வாய் எட்டாத இடத்தில் சோளத்தட்டும் வெள்ளாடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்துவரும் காற்றில் உடுமலைச் சமவெளியின் காற்றாலைகள் ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தன.

மாலையில் அந்தச் சிற்றூரை அடைந்தோம். திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி எங்கள் பெரிய ஊர்தியைப் பார்த்து எவரோ அதிகாரிகள் என்று எண்ணி எழுந்து நின்றுவிட்டார். பிறகு அடையாளம் கண்டுகொண்டார். இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றனர்.

முதலில் பேசியவர் தங்கைதான்.

"அக்கா, மேலே மழையா?"

"கொட்டுகிறது."

"அப்படியானால் இன்னும் நான்கு நாளில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும்" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்பு நீர் கொண்டுவர உள்ளே சென்றார்.

சொற்பொருள் அறிவோம்

மானாவாரி – மழையை மட்டும் நம்பிப் பயிரிடும் நிலம். மிடறு – ஒருமுறை விழுங்கும் அளவு. முனியறை – பெருங்கற்காலக் கல்லறை. வெம்மை – சூடு. செம்பு, சொம்பு – இரண்டும் ஒரே கலத்தின் பெயர்கள். முன்னது எழுத்து வழக்கு, பின்னது பேச்சு வழக்கு.

எண்ணி எழுதுக

1. துண்டைக் குவித்துக் காட்டிய விளக்கத்தை நும் சொற்களில் எழுதி, படம் வரைந்து காற்றின் திசையைக் குறிக்க.

2. நல்லர்பாரும் சின்னாறும் வறண்டவை. ஆனால் வறட்சிக்கான காரணம் ஒன்றா? பாடத்திலிருந்து சான்று காட்டுக.

3. இளையவள் நீரைக் குடத்தில் திரும்ப ஊற்றப் போனது ஏன் என்று ஆசிரியர் கூறவில்லை. நீவிர் என்ன கருதுகின்றீர்?

செய்து பார்ப்போம்

நும் குடும்பத்தில் முதன்முதலில் மலைக்கு அல்லது பாலக்காட்டுப் பகுதிக்கு வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எவ்வழியாக வந்தார் என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. அவர் பயன்படுத்திய வட்டாரச் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதுக. பாலக்காட்டு மாணவர், முக்காலியிலிருந்து ஆனைகட்டி வரை செல்லும் வழியில் மரங்கள் எவ்விடத்தில் முட்புதர்களாக மாறுகின்றன என்பதை அடுத்த பயணத்தில் குறித்து வருக.