குரல்வளையில் கத்தி வைக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். 'வேண்டாம்' என்ற ஒரு சொல் போதும். ஆனால் ஒற்றைச் சொல்லில் தடுத்தால் இந்த நாய்க்குச் செய்யமாட்டாய், அடுத்த நாய்க்குச் செய்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்னது இவ்வளவு. குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிற அண்ணாச்சி ஒருவர் தன் நாலு வயது ராஜபாளையம் கலப்பு நாயை உன்னிடம் கொண்டுவந்திருக்கிறார். சாரல் தொடங்கி அறைகள் நிரம்புகின்றன. ராத்திரி முழுக்க நாய் குலைக்கிறது, தங்க வந்தவர்கள் காலையில் சண்டை பிடிக்கிறார்கள். "சத்தத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார். குரல்நாண்களை வெட்டி எடுக்கும் அறுவையை நீ படித்திருக்கிறாய், கையும் துறுதுறுக்கிறது.

என் கையும் ஒருகாலத்தில் துறுதுறுத்தது. வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். தென்காசியில் ஒரு வீட்டில் ஒரு பொமரேனியன். (நம்மூரில் பொமரேனியன் என்று விற்பதில் பெரும்பாலானவை இந்திய ஸ்பிட்ஸ். அது வேறு கதை.) பக்கத்து வீட்டோடு தகராறு போலீஸ் ஸ்டேஷன் வரை போயிருந்தது. மயக்கம் கொடுத்து, வாயை அகலத் திறந்து, நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கக் குரல்நாண்களையும் வெட்டி எடுத்தேன். கழுத்தில் கீறல் இல்லை, ரத்தமும் அதிகமில்லை. அன்று சாயங்காலம் காபி குடிக்கையில் என் கையை நானே பார்த்துப் பெருமைப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது.

நாய் குலைப்பதை நிறுத்தவில்லை. முன்போலவே அதே நேரத்தில், அதே கேட்டருகே, உடம்பைக் குலுக்கிக் குலைத்தது. வெளியே வந்தது மட்டும் ரம்பம் இழுக்கிற மாதிரி ஒரு காற்று. சில மாதத்தில் வெட்டிய இடத்தில் தழும்பு வளர்ந்து, கரகரத்த குரலாகத் திரும்பியது. அடுத்த சித்திரை வெயிலில் மூச்சு முட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தழும்பு குரல்வளையின் குறுக்கே சவ்வுபோல ஓடி, காற்றுப் போகும் வழியைக் குறுக்கியிருந்தது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து இளைத்துத்தான் சூட்டை இறக்கும். அந்த வாசலைத்தான் நான் பாதி அடைத்துவைத்திருந்தேன். தண்ணீர் குடித்தால் புரையேறி இருமல் வேறு. எப்படியோ பிழைத்துக்கொண்டது.

பிறகு அந்தக் கேஸ் தாளை எடுத்துப் பார்த்தேன். வயது, எடை, மயக்க மருந்தின் அளவு எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. அது எப்போது குலைக்கிறது, எதைப் பார்த்துக் குலைக்கிறது என்று ஒரு வரி இல்லை. நான் கேட்கவேயில்லை. காய்ச்சல் என்று வந்தவரிடம் எத்தனை நாளாக என்றுகூடக் கேட்காமல் கத்தியை எடுக்கிற வைத்தியனை நீ என்ன சொல்வாய்?

இன்னொன்று. இதை நீ இரண்டு வேறு பாடங்களில் படித்திருப்பாய், சேர்த்துப் பார்த்திருக்கமாட்டாய். ரேபிஸ் கண்ட நாயின் அடையாளங்களில் குரல் மாறுவதும் ஒன்று. குரல்வளைத் தசைகள் செயலிழக்க, குலைப்பு கரகரத்து ஊளைபோல இழுபடும். குரல்நாண் அறுத்த நாயோ எந்நாளும் கரகரப்பாகத்தான் ஒலிக்கும். அதன் குரல் ஒருநாள் மாறினால் வீட்டுக்காரருக்கும் தெரியாது, உனக்குப் பின்னால் வரும் டாக்டருக்கும் தெரியாது. நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. மறுபக்கமும் இருக்கிறது. நேற்றுவரை சாதுவாக இருந்து திடீரென்று ஓயாமல் குலைக்கத் தொடங்கிய நாயின் வாய்க்குள், தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் கைவிடாதே. உனக்கு நீயே முன்கூட்டி ஊசி போட்டுக்கொண்டாயா? கேட்டால் சிரிப்பாய். போட்டுக்கொள்.

கேட்டுப் பழகினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஐந்தருவிப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. "ஒண்ணுமில்லாத எடத்தப் பாத்து ராத்திரி ராத்திரி குலைக்கி டாக்டரே" என்று அந்த வீட்டு ஆச்சி வந்தாள். மந்திரித்துக் கயிறு கட்டியும் நிற்கவில்லையாம். ஒரு ராத்திரி அங்கே திண்ணையில் போய்ப் படுத்தேன். ஒன்றரை மணிக்கு நாய் காதை நிமிர்த்தியது. கொஞ்ச நேரத்தில் ஓட்டுக் கூரையில் மெல்லிய காலடி. டார்ச் அடித்தால் ஒரு மரநாய், பழுத்து மணக்கும் பலாவைத் தேடி வழக்கமான பாதையில் போகிறது. பெயரில்தான் சொந்தம், மற்றபடி பங்காளிப் பகை. பழத்தை இறக்கி, கூரையைத் தொட்ட கிளையைக் கழித்து, நாயை ராத்திரியில் உள்ளறையில் கட்டச் சொன்னேன். மருந்துச் சீட்டில் எழுத ஒன்றுமில்லை. ஃபீஸுக்குப் பதில் ஆச்சி பாதிப் பலாவைக் கொடுத்தாள்.

குலைப்பு நாய்க்கு எங்கிருந்து வந்தது என்றும் யோசித்துப் பார். நம் மலையில் செந்நாய்கள் இருக்கின்றன. கூட்டத்தைக் கூப்பிட விசில் அடிக்கும். ஓநாய்கூட வளர்ந்தபின் அபூர்வமாகத்தான் குலைக்கும். ஓயாமல் சத்தம் கொடுப்பது நம் வாசலுக்கு வந்து சேர்ந்த நாய்தான். சத்தம் கொடுக்கிற குட்டியைத்தானே நம் முன்னோர் சோறு போட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள்! இன்றைக்கு அதே குரலுக்குக் கத்தி கேட்கிறோம்.

இனி அண்ணாச்சியின் நாய். அவரிடம் முதலில் இதைக் கேள்: சீசன் இல்லாத மாதத்திலும் இப்படித்தானா? இல்லையென்றால் கோளாறு நாயிடம் இல்லை, சீசனில் இருக்கிறது. கேட்டருகே சங்கிலியில் கட்டியிருப்பார். வேன் வந்து நிற்கும், புது ஆட்கள் இறங்குவார்கள், நாய் குலைக்கும், அவர்கள் மாடிக்குப் போய்விடுவார்கள். நாயின் கணக்கில் அது குலைத்ததால்தான் அவர்கள் போனார்கள். ஒரு ராத்திரியில் முப்பது தடவை ஜெயித்த நாய் எப்படி வாயை மூடும்? கட்டுமிடத்தைப் பின்கட்டுக்கு மாற்றச் சொல். வாசல் தெரியாதபடி ஒரு ஓலைத் தட்டி. விடியுமுன் முக்கால் மணி நேரம் மோப்பம் பிடிக்க விட்டு நடை, சாயங்காலம் இன்னொன்று. ராத்திரிச் சோற்றைத் தட்டில் வைக்காமல் நாலைந்து சிரட்டையில் பிரித்து ஒளித்துவைத்தால் தேடித் தின்ன அரை மணி நேரம் போகும். ஆள் வந்து அது சும்மா இருக்கிற ஒவ்வொரு கணத்திலும் ஒரு துண்டுக் கறி. குலைக்கும்போது கொஞ்சுவதோ அதட்டுவதோ கூடாது. அதட்டல் நாய்க்கு, முதலாளியும் கூடச் சேர்ந்து குலைப்பதாகத்தான் படும். முதல் சில நாள் சத்தம் கூடும், பிறகுதான் இறங்கும். கூடுகிற அந்த நாளில் உனக்குப் போன் வரும். அதையும் முன்கூட்டியே சொல்லிவை.

ஷாக் கொடுக்கும் பட்டை ஆன்லைனில் கிடைக்கிறது என்று யாராவது அவர் காதில் போட்டிருப்பார்கள். வலியும் வந்த விருந்தாளியும் நாயின் மனதில் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அப்புறம் எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். வெறும் மயக்க மாத்திரையும் வேண்டாம், உடம்பு கிடக்கும், பயம் அப்படியே இருக்கும். தனியே விட்டால் நடுங்கிக் கதவைப் பிறாண்டுகிற நாய்க்கு ஃப்ளுவாக்ஸெட்டின் போன்றவை உதவும், ஆனால் பலன் தெரிய வாரக்கணக்காகும், பயிற்சியும் கூடவே வேண்டும். கிழட்டு நாய் என்றால் காது, பல், மூட்டு, மறதி என்று தேடு.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டாய். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவு உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. ருக்மணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடி வாங்கிய சட்டம் அது. 2011-ல் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில், வாலையும் காதையும் அழகுக்காக வெட்டக்கூடாது என்று சுற்றறிக்கை விட, கென்னல் கிளப் வழக்குப் போட்டு, 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. ஐரோப்பாவிலோ 1987-ம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே வால், காது, குரல் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து, நோய் தீர்க்க அல்லாத அறுவை கூடாது என்று எழுதிவிட்டார்கள். வக்கீல்கள் இதில் இரண்டு பக்கமும் பேசுவார்கள். கத்தி உன் கையில் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் உனக்காகப் பேச முடியாது. ஒரு சந்தேகம் வராமல் இருக்கச் சொல்லிவிடுகிறேன்: குரல்வளையில் கட்டி, மூச்சை அடைக்கும் குரல்வளைத் தசைச் செயலிழப்பு என்றால் கத்தி எடு, அது வைத்தியம்.

கடைசியில் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்வார், எல்லோரும் சொல்வதுதான்: "அப்ப புளியரை தாண்டிக் கொண்டுபோய் விட்டுருவேன்." இதுதான் கஷ்டமான இடம். தெருவில் அநாதையாய்த் திரிவதைவிடக் குரலில்லாமல் வீட்டில் இருப்பது மேல் என்று வாதிடுகிற டாக்டர்கள் உண்டு. அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முப்பத்தைந்து வருடத்தில் அந்த இரண்டே வழி மட்டும் மிச்சமிருந்த வீட்டை நான் பார்த்ததில்லை. கடையம், சிவகிரிப் பக்கம் மலையடிவாரத்துத் தோப்புக்காரர்கள் காட்டுப் பன்றிக்குத் தூங்காமல் கிடக்கிறார்கள். லாட்ஜில் திட்டு வாங்குகிற தொண்டைக்கு அங்கே மரியாதை. அப்படிக் கொடுத்தால் ராத்திரியில் நாயை வெட்டவெளியில் சங்கிலியில் கட்டிப்போடக்கூடாது, கம்பி போட்ட கூண்டு வேண்டும் என்று பேசி வாங்கிக்கொள். சிறுத்தை இறங்கும் இடம் அது.

அண்ணாச்சியிடம் முடியாது என்று நேரடியாகச் சொல்லிவிடாதே, வேறு யாரிடமாவது போய்விடுவார். பத்து நாள் தவணை கேள். வருகிற சனிக்கிழமை ராத்திரி அந்த லாட்ஜில் நாம் இருவரும் ஒரு அறை எடுப்போம், வாடகை என்னுடையது. பத்து மணியிலிருந்து நாய் எத்தனை தடவை, எதற்காகக் குலைக்கிறது என்று நீ நோட்டில் குறி. நான் எட்டு மணி வாக்கில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவேன். குடையும் ஒரு நல்ல டார்ச்சும் கொண்டுவா. நாயின் தடுப்பூசி அட்டையை வெள்ளிக்கிழமைக்குள் வாங்கி வைத்துவிடு.

அன்புடன்,
உன் பழைய டாக்டர்