நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரி: அளவும் எடையும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்தது மைசூரு. அங்குள்ள பள்ளி மாணவர்களுட் பலர் கடலையே கண்டிரார். நீர்மூழ்கிக் கப்பலை நேரிற் காணும் வாய்ப்பு அவர்களுக்கு இன்னும் அரிது. ஆயினும் அக்கப்பல் மூழ்குவதற்கும் எழுவதற்கும் காரணமான விதியை விளக்கக் கடல் வேண்டுவதில்லை. ஒரு சிமெண்டுத் தொட்டியே போதும். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மன்றத்தின் மண்டலக் கல்வி நிறுவனம் 1963-இல் மைசூரில் தொடங்கப்பெற்றது. தென்மாநில ஆசிரியர்கள் பலர் அங்குப் பயிற்சி பெறுகின்றனர். அத்தகைய ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் தம் கையாலேயே செய்து காட்டத்தக்க மாதிரி ஒன்று இக்கட்டுரையில் விவரிக்கப்படுகின்றது.

மூலக் கப்பல்

மாதிரி என்பது ஏதேனும் ஓர் உண்மைப் பொருளின் மாதிரியாக இருத்தல் வேண்டும். நாம் எடுத்துக்கொள்வது ஐ.என்.எஸ். குர்சுரா. இது 1969 டிசம்பர் 18-ஆம் நாள் இந்தியக் கடற்படையிற் சேர்க்கப்பெற்றது. 2001-இல் பணியினின்று விலக்கப்பெற்றது. 2002 முதல் விசாகப்பட்டினக் கடற்கரையில் காட்சிச்சாலையாக நிற்கின்றது. இதன் நீளம் 91.3 மீட்டர், அகலம் 7.5 மீட்டர். நீரின்மேல் மிதக்கும்போது இது விலக்கும் நீரின் எடை 1,950 டன். முழுதும் மூழ்கியபோது 2,475 டன்.

இவ்விரு எண்களுக்கும் உள்ள வேறுபாடு 525 டன். இதுவே கப்பலின் நீர்த்தொட்டிகள் உட்கொள்ளும் கடல்நீரின் எடை. கப்பலின் உருவம் மாறுவதில்லை. அதன் எடையே மாறுகின்றது. "கனமானது மூழ்கும்; இலேசானது மிதக்கும்" என்று மாணவர் கூறுவது வழக்கம். 1,950 டன் எடையுள்ள பொருள் மிதப்பதை இக்கூற்று விளக்காது. ஒரு பொருளின் எடையை, அது முழுதும் மூழ்கினால் விலக்கும் நீரின் எடையோடு ஒப்பிட்டே விடை காண வேண்டும்.

நூற்றில் ஒன்று

1:100 என்ற அளவில் மாதிரியின் நீளம் 91.3 செ.மீ.; அகலம் 7.5 செ.மீ. ஆகும். எடை என்னவாகும்? மாணவர் பெரும்பாலும் 2,475 டன்னை 100-ஆல் வகுத்து 24.75 டன் என்பர். ஒரு மீட்டருக்கும் குறைந்த பொருள் 24 டன் எடையிராது என்பது வெளிப்படை. நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறில் ஒரு பங்காகக் குறைவதால், கன அளவு 100-ஆல் மும்முறை வகுபடும்; அதாவது பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். கடல்நீரின் அடர்த்தி 1.025 எனக் கொண்டால், மூழ்கிய குர்சுராவின் கன அளவு ஏறத்தாழ 2,415 கன மீட்டர். ஆகவே மாதிரியின் கன அளவு 2,415 கன செ.மீ.; நன்னீரில் அது விலக்கும் நீரின் எடை 2,415 கிராம். இக்கணக்கைக் கரும்பலகையில் முடித்த பின்னரே கருவிகளைக் கையில் எடுத்தல் நன்று.

செய்முறை

பிளம்பிங் கடைகளிற் கிடைக்கும் 75 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாய் நம் அளவுக்கு நேர்ப் பொருத்தமானது. அதில் 40 செ.மீ. வெட்டிக்கொள்க. இரு முனைகளுக்கும் இலேசான மரத்தில் 25.5 செ.மீ. நீளமுள்ள கூம்புகளைக் கடைந்து, நீர் ஊறாதவாறு மும்முறை வண்ணம் பூசுக. மொத்தக் கன அளவு ஏறத்தாழ 2,520 கன செ.மீ. ஆகும். இது முற்கூறிய கணக்கிற்கு மிக அண்மையிலுள்ளது.

குழாயின் நடுவில் 13.5 செ.மீ. நீளத்தை இரு பி.வி.சி. வட்டத் தகடுகளால் தடுத்து, எபாக்சி பசையால் நீர் புகாது அடைக்க. உள்விட்டம் 7 செ.மீ. எனின், இந்த அறை 520 கன செ.மீ. கொள்ளும். இதுவே நீர்த்தொட்டி. இதன் அடியில் 1 செ.மீ. விட்டமுள்ள துளைகள் இரண்டு இடுக. மேற்புறத்தில், மரத்தாலான சிறு கோபுரத்தின் வழியாக, மீன்தொட்டிக்குப் பயன்படும் மெல்லிய காற்றுக்குழாய் 2 மீட்டர் பொருத்துக. குழாயின் வாய் தொட்டியின் உட்கூரையோடு ஒட்டி நிற்றல் வேண்டும். கீழே நீண்டிருப்பின் கூரையடியில் காற்று தங்கிவிடும்.

தொட்டியின் இருபுறமும் உள்ள உலர்ந்த அறைகளில் இரும்புத் துண்டுகளைச் சமமாகப் பகிர்ந்து, அடிப்பகுதியில் ஒட்டுக. எடை மேலே இருப்பின் மூழ்கிய மாதிரி தலைகீழாகப் புரளும். பின் கூம்புகளைப் பொருத்தி மூடுக.

எடையைச் சரிசெய்தல்

குழாயின் தரம், கடைசல் ஆகியவற்றிற்கேற்பக் கன அளவு மாறுமாதலால், அதனை அளந்தே அறிதல் வேண்டும். அடித்துளைகளையும் காற்றுக்குழாயின் முனையையும் அடைத்துக்கொண்டு, விளிம்புவரை நீர் நிரம்பிய நீண்ட தொட்டியில் மாதிரியை முழுதும் அழுத்துக. வழிந்த நீரைப் பிடித்து அளக்க. அது 2,520 கன செ.மீ. எனின், தொட்டி நீரோடு சேர்ந்த மாதிரியின் எடை 2,530 கிராம் இருக்குமாறு அமைக்க. அதாவது வெற்று மாதிரி 2,010 கிராம். முதலில் 100 கிராம் குறைவாகச் செய்து, பின் அடிப்புறத்தில் இரும்பு வாஷர்களைக் கட்டி எடையைக் கூட்டுவது எளிது. வெளியே கட்டும் இரும்பும் நீரை விலக்கும். 8 கிராம் இரும்பு நீருக்குள் 7 கிராம் அளவே கீழிழுக்கும். காற்றுக்குழாயும் சிறிது மிதப்பைத் தருமாதலால், அதனை இணைத்த நிலையிலேயே சோதிக்க.

காற்றுக்குழாயின் முனையைத் திறந்தால் மேல்வழியே காற்று வெளியேறும். அடித்துளைகளின் வழியே நீர் புகும். மாதிரி மெல்ல மூழ்கும். மூழ்கிய பின் ஊசியற்ற 50 மி.லி. சிரிஞ்சினால் காற்றைச் செலுத்துக. ஒரு முறை அழுத்தினால் ஏறத்தாழ 50 கிராம் நீர் வெளியேறும்; 10 கிராம் மிகையாயிருந்த மாதிரி மேலெழத் தொடங்கும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் குழாயைக் கிளிப்பால் இறுக்குக. உண்மைக் கப்பலிலும் முறை இதுவே: மேல் வால்வுகளைத் திறந்து மூழ்குவர்; அழுத்திய காற்றைத் தொட்டிகளிற் செலுத்தி எழுவர்.

கவனித்தற்குரிய இரண்டு

முதலாவது, ஆழத்தின் விளைவு. தொட்டியில் 100 கன செ.மீ. காற்று இருக்கையில் குழாயை இறுக்கி, மாதிரியை 1 மீட்டர் ஆழத்திற்குக் கொண்டுசென்றால், அக்காற்று ஏறத்தாழ 10 கன செ.மீ. சுருங்கும், மிதப்பு 10 கிராம் குறையும். கீழே செல்லுந்தோறும் மிதப்பு மேலும் குறையும். ஆகவே பாதி நிரம்பிய தொட்டியைக் கொண்டு மாதிரியை நடுநீரில் நிலையாக நிறுத்தல் இயலாது. இக்காரணம் பற்றியே, மூழ்கிச் செல்லும் உண்மைக் கப்பலில் பெருந்தொட்டிகள் முழுதும் நீர் நிரம்பியிருக்கும். நுண்ணிய எடைத் திருத்தத்திற்கு வேறு சிறு தொட்டிகள் உண்டு.

இரண்டாவது, உப்பின் விளைவு. மைசூரு நீரில் சரிசெய்த இம்மாதிரியை விசாகப்பட்டினக் கடலில் இட்டால், அது விலக்கும் நீரின் எடை 63 கிராம் கூடும். தொட்டியிற் புகும் நீரோ 13 கிராமே கூடும். மிகுதி 50 கிராம் மேல்நோக்கித் தள்ளும். முன்பு 10 கிராம் மிகையாயிருந்த மாதிரி, தொட்டி நிரம்பியும் மூழ்காது மிதக்கும்.

பாதுகாப்பு

மாதிரியை ஏரி, குளம், கிணறுகளில் சோதித்தல் கூடாது. மூழ்கி எழாத மாதிரியை எடுக்க மாணவர் நீரில் இறங்குவர். ஒரு மாதிரியின் பொருட்டு உயிரைப் பணயம் வைத்தல் ஆகாது. ஆழங்குறைந்த பள்ளித் தொட்டியில், ஆசிரியர் உடனிருக்க, மாதிரியில் கயிறு கட்டியே சோதிக்க. பசையையும் வண்ணத்தையும் காற்றோட்டமுள்ள இடத்தில் கையாளுக.

வகுப்பிற்குரிய வினாக்கள்

1. 1:200 அளவில் மாதிரி செய்தால் அதன் கன அளவு எவ்வளவு?
2. நம் மாதிரியின் நீர்த்தொட்டி மொத்தக் கன அளவில் எத்தனை விழுக்காடு? குர்சுராவின் 525 டன், 2,475 டன்னில் எத்தனை விழுக்காடு?
3. இம்மாதிரி கடலிலும் மூழ்க வேண்டுமாயின் அடியில் எவ்வளவு இரும்பு கூட்ட வேண்டும்?

இரண்டாம் வினாவிற்கு இரு விடைகளும் ஏறத்தாழ 21 எனவே வரும். வண்ணமும் வடிவும் எவ்வளவு ஒத்திருப்பினும், இவ்விகிதம் ஒவ்வாத பொருள் அலங்காரப் பொம்மையே. இவ்விகிதம் ஒத்திருப்பின், பி.வி.சி. குழாயும் மரக்கூம்பும் நீர்மூழ்கிக் கப்பலின் மெய்யான மாதிரியாகும்.