பழைய கப்பற் பெட்டி நெற்களஞ்சியமாக உதவுமா?

வயலருகே களஞ்சியம் அமைக்க விரும்பும் கமக்காரர் சிலர், கல்லும் சீமெந்தும் வாங்குவதற்குப் பதிலாகக் ‘கொண்டெய்னர்’ எனப்படும் பழைய கப்பற் பெட்டியை வாங்கி நிறுத்த எண்ணுகின்றனர். வரிப்பத்தான்சேனைக்கு அண்மையில் ஒலுவில் துறைமுகம் 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதாயினும், அதன் வாயில் மணலால் தூர்ந்தமையால், பெட்டியைக் கொழும்பிலிருந்தே லொறியில் கொணர வேண்டியுள்ளது. கூலி கொடுத்து இறக்கிய பின்னர் பழுதென்று திருப்பியனுப்புதல் எளிதன்று. ஆகையால், அது நிற்குமிடத்திற்கே சென்று சோதித்தல் வேண்டும்.

20 அடிப் பெட்டி 8 அடி அகலமும் 8½ அடி உயரமும் உடையது. வெறுமையாகவே ஏறத்தாழ 2¼ தொன் நிறையுள்ளது. பாரத்தைத் தாங்குவன நான்கு மூலைத் தூண்களாம். நெளிதகட்டுச் சுவர்கள் அவற்றைக் கோணாது பிடித்து நிற்கின்றன. சமதரையில் நிற்கும் பெட்டியின் கதவுகள் ஒழுங்காக மூடாவிடின் சட்டம் கோணியதென ஐயுறலாம்; அத்தகையதை விலக்குக.

பின்னர் ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் கதவைச் சாத்த வேண்டும். நட்டநடுப் பகலில் ஊசிமுனையளவு வெளிச்சம் தெரியினும் வாடைமழை அவ்வழியே புகும். மேற்றுரு கேடன்று, சுத்தியலால் தட்டும்போது செதிள் உதிருமாயின் இரும்பு அரிக்கப்பட்டுள்ளது. அடிச்சட்டங்களைக் குனிந்து நோக்குக. புதுப்பூச்சு பூசிய பெட்டியில் இச்சோதனை இரட்டிப்பாக வேண்டும்!

தளப்பலகை பெரும்பாலும் பூச்சிமருந்து ஊட்டப்பெற்றது. கறையோ கார நெடியோ இருப்பின் அப்பெட்டியில் உணவுத் தானியம் வைத்தலாகாது.

இவையனைத்திலும் தேறிய பெட்டிக்கும் ஒரு குறையுண்டு. பகலில் நெல்லிலிருந்தும் சாக்கிலிருந்தும் எழும் ஈரம், இரவில் குளிர்ந்த கூரைத் தகட்டின் அடியில் நீர்த்துளியாகி மூடைகள் மீது சொட்டும். மழை பெய்யாத நாளிலும் மேல் மூடை பூஞ்சணம் பிடிப்பது இதனாலேயாம். ஈரம் 14 சதவீதத்திற்கு மேற்படாத நெல்லையே அடுக்குதல் வேண்டும். இருபுறமும் மேற்பகுதியில் எலிபுகா வலையிட்ட காற்றுவழிகளும், மூடைகளின் கீழே மரச்சட்டங்களும் தேவை. சுவரை அகலமாக வெட்டினால் இரும்புச் சட்டமிட்டு வலுவூட்டாது விடலாகாது.

கூரைக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டுக் கிடுகுப் பந்தல் இடுதல் மலிவான பரிகாரம். பந்தலின்றிப் பெரும்போக விதைநெல்லை அடுத்த பெரும்போகம் வரை வைத்திருப்போர், கச்சான் வீசும் மாதங்களின் உட்சூட்டினால் அதன் முளைக்குந் திறனை இழப்பர். விதைநெல்லுக்கு ஓட்டுக்கூரைக் களஞ்சியமே மேலானது; உழுகருவிகளுக்கும் நீர்ப்பம்பிக்கும் பெட்டி நன்கு பொருந்தும்.